ஃபியூஸ் கட்டை சொன்ன சாட்சி

போன வாரம் எங்கள் வீட்டுக் கரண்டுப் பெட்டியில் ஆர்.சி.சி.பி. குமிழ் விழுந்தது. என் வயசுக்காரர்களே, முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே இதைப் படிக்கிற கூட்டாளிகளே, அது ‘டப்’ என்ற சத்தத்தில் நானும் விழுந்திருப்பேன். நல்லவேளை, பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. மனைவி வந்து பார்த்தபோது இரண்டு காலையும் தூக்கி அதன்மேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறேன். மடியில் தலையணை. தலையணை எதற்கு என்று எனக்கும் தெரியாது.

“இன்னா, எலியா?”

“கரண்டு.”

“அதான் போயிடுச்சே. இருக்கும்போது பயப்படாம, போனதுக்கு அப்புறம் இன்னாத்துக்குப் பயம்?”

நியாயமான கேள்விதான். பழைய கீசரில் கசிவு. ஆர்.சி.சி.பி. தன் வேலையைச் செய்திருக்கிறது. ஆனால் ஐம்பதைத் தொட்ட ஆள், செங்கல்பட்டில் இ.எம்.ஐ. கட்டி ஃபிளாட் வாங்கினவன், ஒரு குமிழ் கீழே விழுந்ததற்கு நாற்காலி ஏறினேன் என்றால், அதற்கு ஒரு சரித்திரம் உண்டு.

பயத்தினாலேயே படித்துத் தேறினவன் நான். யார் வீட்டுக்குப் போனாலும் காபி வருவதற்குள் டி.பி. என்கிற அவர்கள் கரண்டுப் பெட்டியைத் திறந்து பார்த்துவிடுவேன். பொண்ணு பார்க்கப் போன இடத்திலேயே பார்த்தேன், மாமனார் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். வரிசையாக நிற்கிற சின்னக் குமிழ்கள் எம்.சி.பி. ஒயர் தாங்குகிற அளவுக்கு மேல் கரண்டு ஓடினால் அவை விழும். பழைய ஃபியூஸ் உருகிச் செத்துச் செய்த வேலையை இவை சாகாமல் செய்கின்றன. ஓரத்தில் கொஞ்சம் அகலமாக, ஒரு பொத்தானோடு உட்கார்ந்திருப்பது ஆர்.சி.சி.பி. அது கேட்பது ஒரே கேள்வி: போன கரண்டு முழுசாகத் திரும்பி வந்ததா? துளி குறைந்தாலும், யாரோ ஒருத்தர் உடம்பு வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்று சந்தேகப்பட்டு வீட்டையே அணைத்துவிடும்.

அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் அது கிடையாது. ஃபியூஸ்தான். ஃபியூஸுக்கு ஒயரைத் தெரியும், மனுஷனைத் தெரியாது. இந்த ஒரு விஷயம் அப்பாவுக்கு விளங்கியிருந்தால் எங்களுக்கு ஒரு சித்தி மிஞ்சியிருப்பாள்.

மாமல்லபுரத்தில் பஸ் நிற்கிற இடத்தை ஒட்டி அப்பா டிபன் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, கொட்டகையில் கிரைண்டர். மூன்றுக்கும் சேர்த்து ஒரே போர்டு, அதுவும் கொட்டகைச் சுவரில். தேக்குப் பலகை என்று அப்பா சொல்லுவார்; கரையான் அதை அப்படி நினைக்கவில்லை. பலகையில் கறுப்பு இரும்புப் பெட்டியாக மெயின், பக்கவாட்டில் அதன் கைப்பிடி. கீழே வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டைகள். எல்லாவற்றுக்கும் மேலே, கரண்டு இருந்தால் எரிகிற ஒரு குட்டிச் சிவப்பு லைட்டு. உப்புக் காற்றில் திருகாணிகள் பச்சை பூத்திருக்கும். மழைக்காலத்தில் அங்கே போனால் கருகின பேக்லைட் சுவிட்சும் ஊறின உளுந்தும் கலந்து ஒரு வாசனை அடிக்கும். இன்றைக்கும் எங்கேயாவது அந்த வாசனை வந்தால் என் கால் தானாகச் செருப்பைத் தேடும்.

கிரைண்டரும் கடை ஃபிரிஜ்ஜும் ஒன்றாக ஓடினால் ஃபியூஸ் போய்க்கொண்டிருந்தது. ஒயர்மேன் ஒருத்தர் வந்தார். எந்நேரமும் வெற்றிலை மெல்லுகிறவர், பேசினால் நாம்தான் முகம் துடைத்துக்கொள்ள வேண்டும்.

“இன்னாத்துக்கு அண்ணாத்த தெனம் இந்தப் பேஜாரு? நல்ல கம்பியா போட்டு வுட்றேன். ஜென்மத்துக்கும் போவாது.”

ஃபியூஸுக்கான மெல்லிசுக் கம்பியைக் கழற்றி எறிந்துவிட்டு, பழைய ஒயரிலிருந்து செப்புக் கம்பிகளை உருவி முறுக்கி, தாம்புக்கயிறு மாதிரி கட்டினார். சொன்னபடியே அதற்கப்புறம் போகவே இல்லை. அப்பாவுக்கு ஒரே பெருமை. இட்லி தின்ன வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லுவார்: “ஊருக்கே பீஸு போனாலும் நம்ம வூட்டுல போவாது.” ஆம்பளைப் பிள்ளை பிறந்த மாதிரி சொல்லுவார்.

கிரைண்டர் பிளக்குக்கு மூன்று கால். கொட்டகை போர்டில் இரண்டு ஓட்டை. அப்பா கட்டிங் பிளேயரால் தடித்த காலை முறித்துப் போட்டார். “மனுஷனுக்கே ரெண்டு காலுதான். இதுக்கு இன்னாத்துக்குடா மூணு?” நாங்கள் எல்லாரும் சிரித்தோம். நல்ல ஜோக்குதான், இப்போதும் எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்த மூன்றாவது கால்தான் கசிகிற கரண்டைப் பூமிக்கு இட்டுக்கொண்டு போகிறது. அது இருந்து, ஃபியூஸும் மெல்லிசாக இருந்தால், கரண்டு இரும்பு உடம்பில் இறங்கின மாத்திரத்தில் கம்பி உருகி எல்லாம் நின்றுவிடும். எங்கள் வீட்டில் காலும் இல்லை, கம்பியும் உருகாது.

சித்தி வந்தது அந்த மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால். சித்தப்பா கடையில் டீ மாஸ்டர். அண்ணன் கிழித்த கோட்டில் பால் ஆற்றுகிறவர். சித்திக்குச் செய்யூர்ப் பக்கம் ஒரு கிராமம். வரும்போது ஒரு மூட்டை வேர்க்கடலை கொண்டுவந்தாள், அவள் மல்லாட்டை என்பாள். மடியில் போட்டுக்கொண்டு, விரலால் தோலை உரித்து உரித்து எனக்குத் தருவாள். மாவு ஆட்டுகிற வேலை அவளுக்கு வந்தது. கொட்டகைத் தகரம் ஓட்டையானதும் அந்த வருஷம்தான். மழைத் தண்ணீர் மோட்டாரில் சொட்ட ஆரம்பித்தது.

ஒருநாள் மாவுக் கையோடு ஓடிவந்து அம்மாவிடம் சொன்னாள். “அக்கா, கிரைண்டரு கடிக்குது.”

“கடிக்குதா? நாங்க இன்னா நாயா வளக்கறோம்?”

“கைய வெச்சா சுர்ருன்னு ஏறுதுக்கா. நெசமா.”

“புதுப்பொண்ணு வேல செஞ்சா அப்பிடித்தான் ஏறும். நான் ஆட்டுன வரைக்கும் ஒண்ணும் ஏறலியே.”

அப்பா சோதனை செய்ய வந்தார். ரப்பர் செருப்பு மாட்டிக்கொண்டு வந்தார். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கொட்டகை, மாவு ஆட்டுகிற இடம். ஆகவே அது அடுப்படியோடு சேர்த்தி. மகாலட்சுமி குடியிருக்கிற இடம். பெண்கள் அங்கே செருப்பு போடக் கூடாது. கரண்டு வேலை பார்க்க வருகிற ஆம்பளை போடலாம், மகாலட்சுமி அவனைக் கண்டுகொள்ள மாட்டாள். அப்பா செருப்புக் காலோடு நின்று கிரைண்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தட்டிக்கொடுத்தார். கட்டிக்கொள்ளாத குறைதான்.

“எங்க கடிக்குது? எங்க கடிக்குது காட்டு.”

சித்தி டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொன்னாள். வைத்தார். டெஸ்டர் எரிந்தது. அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஈரத்துல டெஸ்டர் கெட்டுப் போச்சு” என்று சொல்லி ஜன்னல் வழியாகத் தூக்கிப் போட்டார். பிறகு ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“கரண்டு வெளிய வந்தா பீஸு போயே ஆவணும். போச்சா? பாரு. கம்பி எப்டி கீது? அப்ப கரண்டு வர்ல. உனுக்கு வேல செய்ய இஷ்டம் இல்லன்னா வாயத் தொறந்து சொல்லு. சும்மா மிஷின் மேல பழி போடாத.”

அன்றையிலிருந்து அவளுக்குக் ‘கரண்டு ராணி’ என்று பேர். கடை வரைக்கும் போய்ச் சேர்ந்தது. டீ குடிக்க வருகிற ஒருத்தன் சித்தப்பாவைக் கேட்டான்: “மச்சான், உன் பொண்டாட்டி வாயில பல்ப வெச்சா எரியுதாமே? வூட்ல வெளக்கு செலவு மிச்சம்!” சித்தப்பாவும் சிரித்தார், ஆற்றின டீ சிந்தாமல். அவர் சிரித்ததைச் சித்தி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அதற்குப்பிறகு அவரிடம் அவள் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை.

அந்த வீட்டில் அவள் சொன்னதை நம்பின ஒரே ஜீவன் நான். நம்பினேன் என்பது பெரிய வார்த்தை. நான் எல்லாவற்றையும் நம்புகிறவன். ஒளிந்து பிடித்து விளையாடும்போது ஃபேன் ரெகுலேட்டர் சூடாக இருக்கிறதென்று விளையாட்டை நிறுத்தியவன். லைட்டு போட வேண்டுமென்றால் கிரிக்கெட் மட்டையை நீட்டித் தூரத்திலிருந்து தட்டுவேன்; அந்த வகையில் இரண்டு சுவிட்சு உடைந்து, அதே மட்டையால் அடியும் வாங்கினேன். போர்டின் சிவப்பு லைட்டு எரிகிறதா, அணைந்ததா என்று போகும்போதும் வரும்போதும் பார்ப்பேன். எரிந்தால் சுற்றிப் போவேன். அணைந்திருந்தால் போர்டுக்கு நாக்கைத் துருத்திக் காட்டுவேன். என் வீரம் அவ்வளவு.

“உன் பழைய செருப்பு கீதாடா?” என்று சித்தி ஒருநாள் கேட்டாள். கொடுத்தேன். அவள் பாதத்துக்குப் பாதிதான் வந்தது. குதிகாலைத் தூக்கிக்கொண்டு நுனிக்காலில் நின்று ஆட்டினாள். “இப்ப கடிக்கலடா!” என்று என்னைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, பரீட்சையில் பாஸான பிள்ளையின் சிரிப்பு. அவள் அதைப் போய் நல்ல சேதியாக அம்மாவிடமே சொன்னாள்.

“மாவு ஆட்ற எடத்துல செருப்பா? குடும்பம் வெளங்குமாடி?” அம்மா செருப்பைக் குச்சியால் எடுத்துத் தெருவில் வீசினாள். கொட்டகையைக் கழுவி விடச் சொன்னாள். அவளையே. ஈரத்தரை இன்னும் ஈரமாயிற்று.

அது நடந்த அன்று காலையில் நல்ல மழை. கரண்டு வருவதும் போவதுமாக இருந்தது. நான் கொட்டகை வாசலில் பிளாஸ்டிக் டிரம்மில் தேங்கின மழைத் தண்ணீரில் கப்பல் விட்டுக்கொண்டிருந்தேன். சித்தி மாவு வழிக்க ஒரு கையால் கிரைண்டரின் இரும்புச் சட்டத்தைப் பிடித்தாள். பிடித்தவள் விடவில்லை. உடம்பு வெடவெடவென்று உதறியது. வாய் கோணிக்கொண்டது. சத்தமே வரவில்லை, கிரைண்டர் மட்டும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். டிரம்மைக் கவிழ்க்காமலே அதற்குள் இறங்கிவிட்டேன். பிளாஸ்டிக்கில் கரண்டு பாயாது என்பது அந்த நேரத்திலும் என் மூளைக்குத் தெரிந்திருந்தது பாருங்கள். உள்ளே அரை முழம் தண்ணீர் இருந்ததுதான் ஞாபகத்துக்கு வரவில்லை. அதற்குள் நின்றுகொண்டு ஊரைக் கூட்டுகிற மாதிரி அலறினேன். அந்தச் சத்தத்துக்குத்தான் எல்லாரும் ஓடிவந்தார்கள்.

அப்பா வாசற்படியிலேயே நின்றார். “வலிப்புடி இது! காக்கா வலிப்பு! இரும்பக் குடு கையில, இரும்பு!”

எங்கள் பக்கம் அதுதான் வைத்தியம். வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுப்பார்கள், சாவியோ, அரிவாளோ. சித்தியின் கையில் ஏற்கெனவே இரும்புதான் இருந்தது. அதை விட முடியாமல்தான் அவள் செத்துக்கொண்டிருந்தாள். மெயின் கைப்பிடி அப்பாவின் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது.

அம்மா இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவினாள். கிட்டே போகப் பயம். வலிப்புக்காரியைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தாளோ என்னவோ. தூரத்திலிருந்தே எறிந்தாள். கொத்து சித்தியின் மணிக்கட்டில் பட்டுக் கீழே விழுந்தது. போர்டில் சிவப்பு லைட்டு அணைந்தது. கிரைண்டர் முனகிக்கொண்டே நின்றது. சித்தி சரிந்து மாவுத் தண்ணீரில் விழுந்தாள்.

“பாத்தியா!” என்றார் அப்பா. “இரும்பு பட்டதும் வுட்டுட்ச்சு பாத்தியா!”

“கரண்டு போச்சுப்பா!” என்று டிரம்முக்குள்ளிருந்து கத்தினேன். “லைட்டு அணைஞ்சி போச்சு, அதான் வுட்டுச்சு!”

மழை நாளில் கரண்டு போவது ஒரு செய்தியா? யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா நேரே போர்டுக்குப் போய் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினார், கம்பியைப் பார்த்தார், நிம்மதியாகத் திரும்பச் சொருகினார். சித்தியைத் தூக்கியது அதற்கு அப்புறம்தான்.

செய்யூருக்கு ஆள் போய், சித்தியின் அப்பா வந்தார். வெள்ளை வேட்டி, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். மகளுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லி அழைத்திருந்தார்கள். கடையின் பின்பக்கத்து பெஞ்சில் உட்கார வைத்து அப்பா பேச்சை ஆரம்பித்தார்.

“மாமா, கோவமா சொல்ல வர்ல. ஆனா வலிப்பு கீற பொண்ண, சொல்லாம கட்டி வெச்சிட்டீங்க.”

பெரியவருக்குப் பழத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. “எங்க வூட்டுல யாருக்கும் அந்த மாரி இல்லியே பெரிய மாப்ள.”

“நைனா, அது கரண்டு” என்றாள் சித்தி. கதவோரம் நின்றிருந்தாள். உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். குறுக்கே கறுப்பாக ஒரு கோடு, ஓரமெல்லாம் வெந்து வெளுத்திருந்தது.

“தோசக்கல்லுல சுட்டுக்கினது” என்றாள் அம்மா. “அத்தினி நிதானம் கீது வேலயில.”

“தோசக்கல்லா? நான் என்னிக்குக்கா தோச ஊத்துனேன்?”

“எதிர்த்துப் பேசாதம்மா” என்றார் பெரியவர், மகளிடம்.

அப்போதுதான் நான் போய் நடுவில் நின்றேன். பயந்தாங்கொள்ளி சாட்சி சொல்லப் போனேன். சிவப்பு லைட்டைச் சொன்னேன். சாவி பட்டதால் இல்லை, கரண்டு போனதால்தான் கை விட்டது என்று சொன்னேன். பெரியவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அவர் நம்பிவிட்டார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

“தொர அப்ப எங்க இருந்தாரு கேளுங்க மாமா” என்றார் அப்பா.

“டிரம்முக்குள்ள!” என்றாள் அம்மா. “தலைய மட்டும் ஆம மாரி நீட்டிக்கினு. டவுசர் நனைஞ்சி போச்சு. கேட்டா மழத் தண்ணின்றான்.”

“மழத் தண்ணிதான்!” என்று நான் கத்தினேன்.

அவ்வளவுதான். சித்தப்பா சிரித்தார், கல்லாப் பக்கம் நின்றவர்கள் சிரித்தார்கள், கடைசியில் செய்யூர்ப் பெரியவரும் சிரித்துவிட்டார். பாவம், வந்ததிலிருந்து அவருக்கு முதல் தடவையாகக் கொஞ்சம் மூச்சு விட்டது போலிருந்தது. நான் ஜனங்களைச் சிரிக்க வைத்த முதல் மேடை அது. பிறகு எத்தனையோ பேரை எத்தனையோ விதமாகச் சிரிக்க வைத்திருக்கிறேன். அவ்வளவு பலமான சிரிப்பு வாங்கினதில்லை.

சிரிப்பு அடங்குவதற்குள் அப்பா ஃபியூஸ் கட்டையைக் கொண்டுவந்து பெரியவர் கையில் வைத்தார். “நீங்களே பாருங்க. ஷாக்கு அடிச்சிருந்தா இந்தக் கம்பி இருக்குமா? எரிஞ்சி சாம்பலா போயிருக்காது?”

அவர் ஊரில் வீட்டுக்கு ஒரு பல்பு. அவர் அதற்கு முன்னால் ஃபியூஸைக் கையில் வாங்கினதில்லை. பீங்கானைத் திருப்பினார், முறுக்கின செம்புக் கம்பியை விரலால் தடவினார். பளபளவென்று, முழுசாக, கயிறு மாதிரி இருந்தது. அதைவிட நல்ல சாட்சியை அவர் எங்கே பார்ப்பார்?

“இட்டுனு போங்க” என்றார் அப்பா, குரலைத் தணித்து. “நாங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டோம். சின்னவ ஒருத்தி கீறா உங்களுக்கு, அவளுக்கும் கல்யாணம் ஆவணும். ஒடம்பு சரியில்ல, அம்மா வூட்ல கீறான்னு சொல்லிக்கிறோம்.”

பெரியவர் எழுந்து அப்பாவைக் கும்பிட்டார். “தெரியாம உங்க தலையில கட்டிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க.”

“பரவால்ல மாமா. வுடுங்க” என்று அப்பா மன்னித்தார்.

அவள் போன பிறகு மாவு ஆட்ட ஓர் ஆளைப் போட்டார்கள். ஆம்பளை, செருப்போடுதான் நின்று ஆட்டினான். மகாலட்சுமி ஒன்றும் சொல்லவில்லை. அவனை ஒருநாளும் கிரைண்டர் கடிக்கவில்லை என்பதை அப்பா வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். வருஷம் திரும்பினதும் சித்தப்பாவுக்கு வேறு பெண் பார்த்தார்கள். அந்தச் சித்திக்குக் கொட்டகையில் இல்லாமல் கடையில் வேலை கொடுத்தார்கள், அவள் பிழைத்தாள்.

சித்தி கிளம்பின அன்று பஸ்ஸுக்கு அவர்களோடு துணிப்பையைத் தூக்கிக்கொண்டு போனது நான். சித்தப்பா வரவில்லை, கடையில் கூட்டம் என்று சொல்லியனுப்பினார். மழை விட்டிருந்தது. எதிர்ப்பக்கம் சிற்பப் பட்டறைகளில் உளிச் சத்தம். சித்தி கருகின கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நின்றாள். பெரியவர் அவளைப் பார்க்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் எதையோ மனசுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. பஸ் தூரத்தில் தெரிந்ததும் கேட்டார்.

“ஏம்மா, சின்னதுல எப்பனா வந்துகீதா? மல்லாட்டக் காட்டுல, நாங்க யாரும் இல்லாதப்ப?”

சித்தி என்னைப் பார்த்தாள். நான் பையைக் கீழே வைத்தேன். இல்லை என்று சொல்லுவாள், அந்தக் கறுப்புக் கோட்டை எடுத்து அவர் கண்ணுக்கு நேரே நீட்டுவாள் என்று நின்றுகொண்டிருந்தேன். பஸ் வந்து சேற்றை இறைத்து நின்றது. பெரியவர் படியில் ஒரு காலை வைத்துவிட்டு, பதிலுக்காகத் திரும்பினார். அப்படிக் கெஞ்சிக்கொண்டு ஒரு பெரிய மனுஷர் பார்த்து நான் பார்த்ததில்லை.

“எனுக்கு நெனப்பு இல்ல” என்றாள் சித்தி. “வந்திருக்கும், நைனா.”